அந்த லெவினுக்குக் கேட்ட விலையில பைத்தியம் ஒண்டும் இல்ல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன மாசம் உங்கட ஞாயிறு பேப்பர்ல வாகன விளம்பரப் பக்கத்தில ஒரு பழைய ரெண்டு டோர் டொயோட்டா லெவின் கார் விற்பனைக்கு எண்டு போட்டிருந்திச்சு, "அஞ்சு கியர், மெனுவல், ஒரிஜினல்" எண்டு. அதுக்குக் கேட்ட விலையைப் பாத்திட்டு அடுத்த கிழமையே ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தவர், முப்பத்தஞ்சு வருசப் பழைய இரும்புக்கு இவ்வளவு கேக்கிறவனையும் அதைக் குடுக்கிறவனையும் ஒரே வண்டியில ஏத்தி அங்கொடை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்போணும் எண்ட மாதிரி. என்ட மனிசி அந்தக் கடிதம் இருந்த பக்கத்தை மடிச்சு என்ட தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில வச்சிட்டுப் போனவ. ஒண்டும் கதைக்கல்ல. ஏன் வச்சவ எண்டு எனக்கு நல்லா விளங்கினது.

வாசகர் ஐயா கோவிக்கக்கூடாது, நீங்க சொன்னதில பாதி சரிதான், அந்தக் காசுக்கு நிலாவெளிப் பக்கம் ஒரு துண்டு வளவு பாக்கலாம், இல்லாட்டி ஏசி நல்லா வேலை செய்யிற, யூஎஸ்பி குத்திப் பாட்டுக் கேக்கக்கூடிய, பெட்ரோலும் குடிக்காத ஒரு காரை வாங்கிட்டு நிம்மதியா இருக்கலாம். நானும் இப்ப ஓடுறது அப்பிடி ஒரு சின்ன ஓட்டோ கார்தான் (ஓட்டோ எண்டா மூண்டு சில்லு இல்ல, ஓட்டோ கியர்). குறை சொல்ல ஒண்டும் இல்ல. ஆனா நீங்க அந்த விலை எங்கால வந்தது எண்டு கேக்காமலே பைத்தியம் எண்டு முடிச்சிட்டீங்க, அதுக்குத்தான் இதை எழுதுறன்.

முதல்ல ஒரு விசயம், மெனுவல் எண்டாலே அபூர்வம் எண்டு நான் சொல்ல வரல்ல. லொறி மெனுவல், பஸ் மெனுவல், எங்கட ஒழுங்கையில நிக்கிற மாருதி அல்டோ மெனுவல். அதுக்கெல்லாம் ஆரும் வளவு விலை குடுக்க மாட்டினம். ரெண்டு டோர், சின்ன உடம்பு, நல்லா சுத்துற எஞ்சின், கையால போடுற கியர், இந்த நாலும் சேந்து ஒரு காரில இருக்கோணும், அதோட அது கறள் இல்லாமலும் வெட்டாமலும் இருக்கோணும், அதுதான் இப்ப கிடைக்காது. 

ஏன் கிடைக்காது எண்டா, புதுசா செய்யிற இடத்திலயே நிப்பாட்டிட்டாங்கள். ஃபெராரி 2009ல 458 எண்டு ஒண்டு விட்டது, அதுக்கு க்ளச் மிதிக்கிற பெடலே இல்ல, காசு எவ்வளவு குடுத்தாலும் போட்டுத் தர மாட்டாங்கள். போர்ஷேயும் 2013ல ஜிடி3 எண்ட காரை ஓட்டோவா மட்டும் விட்டுப் பாத்திச்சு, பழைய ஆக்கள் கத்தின கத்தலில 2016ல 911 ஆர் எண்டு 991 கார் மட்டும் ஆறு கியர் மெனுவலில செஞ்சாங்கள், அது வாங்கின விலையை விடப் பல மடங்குக்குக் கை மாறினது, அதைப் பாத்திட்டு 2017ல ஜிடி3க்கும் திரும்ப மெனுவல் குடுத்தாங்கள். டொயோட்டாவும் அப்பிடித்தான், 2019ல புது சுப்ரா வரேக்க ஓட்டோ மட்டும், 2022லதான் மெனுவல். இதை ஏன் நிப்பாட்டினவங்கள் எண்டா பெரிய ரகசியம் ஒண்டும் இல்ல, இப்பத்த ரெண்டு க்ளச் வச்ச ஓட்டோ கியர் மனிசன்ட கையை விட வேகமா மாத்தும், புகை டெஸ்டுக்கும் அது லேசு, வாங்குற ஆக்களும் கேக்கிறது குறைவு. அமெரிக்காவில விக்கிற புதுக் கார் நூறில ரெண்டு கூட இப்ப மெனுவல் இல்ல.

அப்ப பழசுதான் மிச்சம். அந்தப் பழசுக்கும் எங்களோட போட்டி போட ஆக்கள் இருக்கினம். அமெரிக்காவில 25 வருசம் தாண்டின வெளிநாட்டுக் காரை அவங்கட சட்டதிட்டம் பாக்காமல் இறக்கலாம், அதால ஜப்பானில ஒரு நல்ல கார் 25 வயசுக்குக் கிட்ட வரேக்கயே விலை ஏறத் தொடங்கிடும். 1999ல வந்த ஸ்கைலைன் ஆர்34 2024லதான் அங்க போகக்கூடியதா வந்தது, அதுக்கு முன்னமே அதிட விலை எங்கயோ போயிட்டுது. எங்கட நாட்டில நிலைமை இதுக்கு மறுவளம், இஞ்ச வயசு கூடின கார் வரவே ஏலாது. 2020 மார்ச்ல இறக்குமதியை நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் சாதாரண ஆக்களிட வாகனத்துக்குத் திறந்தவங்கள், திறந்தும் என்ன, சில வருசத்துக்கு மேல பழசு எண்டா விட மாட்டாங்கள், வரியும் தலைக்கு மேல. அதால 80ஆம் 90ஆம் ஆண்டுகளில கப்பலில வந்து இறங்கின லெவின், சிவிக், சிஆர்எக்ஸ், செலிக்கா எத்தனை மிச்சம் இருக்கோ அவ்வளவுதான். இனிக் கூடப் போறதில்ல. குறையத்தான் செய்யும்.

குறைஞ்ச கதையையும் சொல்றன், இது எங்கட ஊர்க் கதை.

என்ட மாமா ஒராள் 1997ல கொழும்பில இருந்து ஒரு 88ஆம் ஆண்டு லெவின் கொண்டு வந்தவர், டேஷ் நம்பர் (நடுவில கோடு போட்ட பழைய நம்பர் பிளேட்), ஏஈ92 பொடி (கார் உடம்பிட மொடல் நம்பர்), எஞ்சின் 4ஏ-ஜிஈ, பதினாறு வால்வ். அதுக்கு முந்தின 86 பொடிதான் பின் சில்லால ஓடுற கடைசி லெவின், உலகமே கொண்டாடுறது அதைத்தான், மாமாட முன் சில்லு இழுக்கிறது, அதை நான் மறைக்கப் போறதில்ல. ஆனா இந்த எஞ்சின்ட அடிக் குடும்பம் சாதாரண கொரோலாட 4ஏ, அதால கனக்க சாமான் கொழும்பில பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில தேடினா கிடைக்கும், அதுதான் இந்தக் கார் யுத்த காலத்திலயும் உயிரோட இருந்ததுக்குக் காரணம். (யாழ்ப்பாணத்தில அந்த நேரம் ஒஸ்டின் ஏ40யும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணையில ஓடினது எல்லாருக்கும் தெரியும், இதுக்கு அப்பிடி ஊத்தினா அண்டைக்கே கதை முடிஞ்சிரும்.) அந்த எஞ்சினில டி-விஸ் எண்டு ஒரு சாமான் இருக்கு, காத்துப் போற வழி ஒவ்வொண்டையும் ரெண்டாப் பிரிச்சு, மெதுவா ஓடேக்க ஒரு பக்கத்தை மூடி வச்சிருக்கும், நாலாயிரத்துச் சொச்சம் ஆர்பிஎம் தாண்ட மற்றப் பக்கமும் திறக்கும். திறக்கேக்க சத்தம் மாறும். கந்தளாய்க்கு முன்னால அந்த நேர் ரோட்டில மணல் லொறி ஒண்டுக்குப் பின்னால மூண்டாம் கியரில நிண்டிட்டு, எதிர்ப் பக்கம் பாத்திட்டு மிதிச்சா, முதல்ல ஒண்டும் நடக்காது, பிறகு அந்தத் தொண்டை திறக்கும். மாமா அப்ப ஒண்டும் கதைக்க மாட்டார், ரேடியோவை மட்டும் குறைப்பார்.

நான் ஓடப் பழகினது 2002ல, சமாதான நேரம். பழக்கின இடம் கோட்டைக்குள்ள, கோணேசர் கோயிலுக்கு ஏறுற ரோட்டில, விடியக்காலமையில மான் எல்லாம் ரோட்டுக்கு நடுவில படுத்திருக்கும், ஹோர்ன் அடிச்சாலும் எழும்பாது. ஏத்தத்தில நிப்பாட்ட வேண்டி வரும், ஹேன்ட் பிரேக்கை இழுத்து, க்ளச்சை மெல்ல விட்டு, காரிட மூக்கு கொஞ்சம் மேல எழும்புற இடம் எது எண்டு காலால தேடிக் கண்டுபிடிக்கோணும், பிறகு பிரேக்கை விடோணும். முதல் நாள் எட்டுத் தரம் ஓஃப் ஆனது. எட்டு எண்டு எப்பிடித் தெரியும் எண்டா மாமா எண்ணினவர். ஒம்பதாம் தரம் கார் அசையாமல் அப்பிடியே ஏறிச்சு, மான் எழும்பி எங்களைப் பாத்திட்டுத் திரும்பப் படுத்திச்சு. வாசகர் ஐயா கேப்பார் இதுக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம் எண்டு. எனக்கு அதுதான் சம்பந்தம். இப்ப வாற மின்சாரக் கார் எல்லாம் அந்த லெவினைச் சும்மா முந்திக்கொண்டு போகும், வேகத்துக்கு எண்டு ஆரும் பழைய கார் வாங்குறதில்ல. காலும் கையும் காதும் ஒண்டா வேலை செய்யிறதுக்குத்தான் வாங்குறது.

சரி, எப்பிடிக் குறைஞ்சது எண்டு சொல்ல வந்தன். எங்கட ஊர்ல முதல் எதிரி கடல் காத்து. வாடை காலத்தில மழையோட உப்பு, கச்சான் காத்து அடிக்கேக்க சூட்டோட தூசி. டச் பே பக்கம் வெளிய நிப்பாட்டி வச்ச காரிட பின் சில்லு வளைவுக்குள்ள கையை விட்டுப் பாருங்க, பப்படம் மாதிரி உடையும். ரெண்டாவது 2004 டிசம்பர் 26 சுனாமி. எங்கட லெவின் உவர்மலையில நிண்டதால தப்பினது. மாமாட கூட்டாளி ஒராள்ட செலிக்கா உப்புவெளியில வீட்டோட நிண்டது, அலை கொண்டு போகல்ல, ஆனா கூரை மட்டுக்கும் கடல் தண்ணி. கழுவி, காய வச்சு, எஞ்சின் இறக்கிக் கட்டி, ஸ்டார்ட்டும் வந்திச்சு, எல்லாருக்கும் சந்தோசம். ஆறு மாசத்துக்குப் பிறகு வயரிங்குக்குள்ள பச்சை பூத்து ஒவ்வொரு லைட்டா நிண்டிச்சு, கடைசியில உடம்பை இரும்புக்கு நிறுத்துக் குடுத்தவர். மூண்டாவது எதிரி நாங்களேதான். பெட்ரோல் விலை எண்டு கேஸ் பூட்டினது, டீசல் எஞ்சின் ஏத்தினது, ரேஸுக்கு எண்டு சீட்டைப் பிடுங்கி உள்ளுக்குக் கூடு மாதிரிப் பைப் அடிச்சது, முழங்கால் நோகுது எண்டு ஓட்டோ கியர் மாத்தினது. அந்த நேரம் ஆருக்குத் தெரியும். நானும் ஒரு சுத்தக்காரன் இல்ல, மாமா கனடா போகேக்க எனக்குத் தந்த அந்தக் காரை 2011ல தங்கச்சிட கலியாணத்துக்கு வித்தவன். வித்ததில கவலை இல்ல, தங்கச்சிக்கு ரெண்டு பிள்ளையள், நல்லா இருக்கிறா. வாங்கினவர் அதை என்ன செஞ்சவர் எண்டு கேக்கப் போனதுதான் பிழை. அதை எழுதல்ல.

இப்ப முக்கியமான விசயம், இதுக்காகத்தான் மெயினா பேனை எடுத்தன், அந்த விளம்பரத்தில இருந்த "ஒரிஜினல்" எண்ட சொல்லு.

ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு ஊர்ல, பேர் வேண்டாம், பழைய வாகனம் விக்கிற ஒரு இடத்தில இதே மாதிரி ஒரு லெவின் நிக்குது எண்டு கேள்விப்பட்டுப் போனன். பின்னேரம், வெளிச்சம் குறைவு, கறுப்பும் சாம்பலும் ரெண்டு கலர், மினுங்குது. அஞ்சு கியரும் விழுது. ஓனர் வெளிநாடு, ஓப்பன் பேப்பர்ஸ் (வாங்குறவர் பேர் போடாமல் கையெழுத்து வச்ச பத்திரம்), இன்னொராள் நாளைக்குக் காசோட வாறார், இந்தக் கதை எல்லாம் எனக்குத் தெரிஞ்ச கதைதான், தெரிஞ்சும் ஒரு லட்சம் அட்வான்ஸ் குடுத்திட்டு வந்தன். மனிசிக்கு ஐம்பதாயிரம் எண்டு சொன்னன் (இப்ப பேப்பர்ல வாசிப்பா). அடுத்த கிழமை எங்கட மெக்கானிக் பாஸைக் கூட்டிக்கொண்டு போனன். கிழவர், மூண்டாம் கட்டையடியில முப்பது வருசம் கராஜ் வச்சிருந்தவர், கண்ணாடி இல்லாமல் பேப்பர் வாசிக்கத் தெரியாது, ஆனா காருக்குக் கண்ணாடி தேவையில்ல. அவர் எஞ்சினைப் பாக்கவே இல்ல. நேரா ரேடியேட்டருக்குக் கீழ கையை விட்டார். அடியில ரெண்டு சின்னக் குழாய் மூக்கு, அதை ஒரு துண்டு ரப்பர் ஹோஸால வளைச்சுப் பூட்டி இருக்கு. ஓட்டோ கியர் எண்ணெயைக் குளிராக்கிறதுக்கு ரேடியேட்டரில வைக்கிற வழி அது, மெனுவல் காருக்கு அது தேவையே இல்ல. பிறகு எஞ்சின் அறைக்குள்ள கம்பெனித் தகட்டைத் தேடினார், அதில கியர்பெட்டியிட நம்பர் அடிச்சிருக்கும், அந்தக் காருக்கு மெனுவல் எண்டா சி எழுத்தில தொடங்கோணும், ஓட்டோ எண்டா ஏ. தகடு இருந்த இடத்தில புதுப் பெயின்ட், ரெண்டு ரிவெட் ஓட்டை. "தம்பி, சாவியைப் போடு, ஸ்டார்ட் எடுக்காத" எண்டார். போட்டன். மீட்டர் போர்டில ஒரு மூலையில சின்னதா மஞ்சளா ஒரு லைட் பத்திச்சு, ஓவர்டிரைவ் ஓஃப் எண்டு. ஓட்டோ காரிட மீட்டர். பாஸ் கீழ குனிஞ்சு பெடல் பக்கம் டோர்ச் அடிச்சுக் காட்டினார், பிரேக் பெடல் அகலமானதைப் பாதியா வெட்டி அரம் போட்டிருக்கிறாங்கள், க்ளச் பெடலிட தாங்கியைச் சுத்தி வெல்டிங் கொப்புளம்.

ஓட்டோவா வந்த காரை மெனுவலா மாத்தி, ஒரிஜினல் மெனுவல் விலைக்கு விக்கப் பாத்திருக்கிறாங்கள். மாத்திறது குற்றம் எண்டு நான் சொல்லல்ல, நல்லா மாத்தினா ஓட நல்லாத்தான் இருக்கும், கையில காசு குறைஞ்ச பெடியளுக்கு அதுவும் ஒரு வழி. மாத்தினது எண்டு சொல்லி, அந்த விலைக்கு விக்கோணும். கேட்டதுக்கு அந்த இடத்து ஆள் சிரிச்சிட்டு "அண்ணே, கியர் அஞ்சும் விழுதுதானே" எண்டான். அட்வான்ஸ் திரும்பி வரல்ல. கடதாசி எழுதாமல் காசு குடுத்த மடைத்தனம் என்ட, அதுக்கு ஆரையும் நோகல்ல.

அதால வாங்கப் போற பெடியளுக்கு ஒண்டு. ஓட்டோவில வராத கார்களும் இருக்கு, ஹொண்டா எஸ்2000, இஞ்ச அங்கொண்டு இஞ்சொண்டு நிக்கிற டைப் ஆர் சிவிக் ஈகே9, ஸ்கைலைன் ஜிடி-ஆரில 32, 33, 34, இதுகள் மெனுவலா மட்டும்தான் வந்தது, அதுகளில இந்தக் கள்ளம் செய்ய ஏலாது, வேற கள்ளம் செய்வாங்கள். லெவின், பழைய சுப்ரா, ஆர்எக்ஸ்-7, இதெல்லாம் ரெண்டு விதமாவும் வந்தது, அங்கதான் கவனம். டொயோட்டா எண்டா தகட்டில மொடல் நம்பர்ல கோடு போட்டதுக்குப் பிறகு வாற எழுத்துகளைப் பாருங்க, எம் இருந்தா அஞ்சு கியர் மெனுவல், பி (P) இருந்தா நாலு கியர் ஓட்டோ. தகடே இல்லாட்டி காசைப் பொக்கெட்டுக்குள்ளயே வச்சிட்டு வாங்க.

இன்னொரு பயம் பாஸ்மாரைப் பற்றி. அந்தக் கிழவர் போன வருசம் கராஜைப் பூட்டிட்டார், கண் சரியில்ல. இப்பத்தப் பெடியள் கெட்டிக்காரர், ஸ்கேனரைக் குத்தி எரர் கோட் வாசிச்சு நிமிசத்தில பிடிப்பாங்கள், ஆனா இந்தக் காரில ஸ்கேனர் குத்த இடமே இல்ல. ரெண்டாம் கியர் போடேக்க கர்ர் எண்டு கடிக்குது எண்டா சிங்க்ரோ (கியரை ஒரே வேகத்துக்குக் கொண்டு வாற வளையம்) தேஞ்சிட்டு எண்டு காதால கேட்டுச் சொல்லவும், க்ளச் பிளேட் போடேக்க அது ஒட்டிச் சுத்துற ஃப்ளைவீலையும் கடைஞ்சு போடு எண்டு சொல்லவும் ஆக்கள் குறையுது. ஓடவே ஆக்கள் இல்ல, என்ட மருமகன் லைசன்ஸ் எடுத்ததே ஓட்டோவில. 2022ல பெட்ரோல் தட்டுப்பாட்டில க்யூஆர் வந்து கிழமைக்கு 20 லீட்டர் எண்ட நேரம் அவன் சைக்கிள் ஓடிப் பழகினான், க்ளச் பழகல்ல.

விலையைப் பற்றி வாசகர் ஐயாவோட எனக்கு ஒரு உடன்பாடும் இருக்கு. சில பேர் இதை ஓடுறதுக்கு வாங்கல்ல, நகை வாங்குற மாதிரி வாங்கி கவர் போட்டுப் பூட்டி வச்சு அடுத்த வருசம் கூட்டி விக்கிறாங்கள். நிப்பாட்டி வச்ச கார் நல்லா இருக்கும் எண்டு நினைக்கிறது பிழை, ஒயில் சீல் எல்லாம் காஞ்சு வெடிக்கும், டேங்குக்குள்ள கறள் பிடிக்கும், க்ளச் பிளேட் ஃப்ளைவீலோட ஒட்டும், திருகோணமலைக் காத்துக்கு கவருக்குள்ள ஈரம் நிண்டு வெளிய நிண்டதை விடக் கெதியா கறள் ஏறும். அப்பிடி விலை ஏத்திறவங்களைப் பேசுங்க, நானும் சேந்து பேசுறன்.

ஆசிரியர் ஐயா, இதை வெட்டாமல் போட்டா புண்ணியம், வெட்டினாலும் ரேடியேட்டர் கதையை மட்டும் வெட்டாதீங்க. அதோட அந்த விளம்பரம் போட்டவர் இந்தப் பேப்பரை வாசிக்கிறவராத்தான் இருக்கோணும், அவருக்கு ஒண்டு. ஐயா, நீங்க கேட்ட விலை என்னட்ட இல்ல, பேரம் பேசவும் வரல்ல. தகடும் ரேடியேட்டரும் நான் சொன்ன மாதிரி இருந்தா, விக்க முதல் ஒரு விடியக்காலமை நிலாவெளி ரோட்டால இறக்கண்டிப் பாலம் மட்டுக்கும் ஒருக்கா ஓட விடுவீங்களோ, பெட்ரோல் என்ட காசு, பக்கத்து சீட்டில நீங்களே இருங்க, ரேடியோவைக் குறைச்சு வச்சாக் காணும்.

இப்படிக்கு,
பழைய லெவின்காரன்,
உவர்மலை, திருகோணமலை.